ஆரல்வாய்மொழி முதல் ஆர்க்டிக் வரை: பல்லுயிர்த் தொகுதிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் பல ஆண்டுகளாகப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்களை பஸ்ஸில் ஏற்றி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் தொடங்கி மதியத்துக்குள் பேச்சிப்பாறை போய்ச் சேர்ந்துவிடுவேன். உலக வரைபடத்தில் பத்து நிறங்களில் தீட்டியிருக்கும் பல்லுயிர்த் தொகுதிகளை அரைநாள் பயணத்தில் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயணங்களில் மாணவர்களும், கூட வந்த பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பல்லுயிர்த் தொகுதி என்றால் என்ன?

ஒரே மாதிரியான வெப்பமும் மழையும் உள்ள இடங்களில், அவை எவ்வளவு தொலைவில் இருந்தாலும், ஒரே மாதிரியான தோற்றமுள்ள செடிகொடிகளும் அவற்றை அண்டி வாழும் விலங்குகளும் அமைந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட பெரும் பரப்பைத்தான் பயோம் என்கிறார்கள். பாடநூல் தமிழில் பல்லுயிர்த் தொகுதி.

உறவு வேறு, தோற்றம் வேறு என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மருந்துவாழ்மலையின் அடிவாரத்தில் நடந்தால் சதுரக்கள்ளியைப் பார்க்கலாம். சதைப்பற்றான தண்டு, முள், இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. மெக்சிகோப் பாலைவனத்துக் காக்டஸ் செடியும் இப்படித்தான் இருக்கும். ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பம். நம் கள்ளியைக் கிள்ளினால் பால் வரும், காக்டஸில் பொதுவாக வராது. வறட்சி என்ற ஒரே ஆசிரியரிடம் இரண்டும் தனித்தனியே பாடம் கற்று ஒரே விடையை எழுதியிருக்கின்றன. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி மட்டும் உண்மையான காக்டஸ். அது அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே குடியேறியது.

இது நம் ஐந்திணைதானே?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர் முகத்தில் பெருமிதம் தெரியும், அது நியாயமான பெருமிதம்தான். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அங்குள்ள மரம், பறவை, விலங்கு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றும் பிரித்த பார்வை, காலநிலைதான் உயிரைத் தீர்மானிக்கிறது என்ற இன்றைய அறிவியலுக்கு வெகு அருகில் நிற்கிறது. பயோம் என்ற சொல்லை அமெரிக்கத் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கிளமென்ட்ஸ் வழங்கத் தொடங்கியது 1916 வாக்கில்தான்.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. திணையில் உரிப்பொருள் உண்டு. மனித மனத்தின் கூடலும் பிரிவும் அதற்குள் அடக்கம். பயோமில் அதற்கு இடமில்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. மருதம் என்பது மனிதர் திருத்திய வயல். இயற்கைத் தாவரத்தை வைத்துப் போட்ட பயோம் பட்டியலில் வயலுக்கு இடம் கிடையாது. மனிதர் மாற்றியமைத்த நிலங்களையும் தனித் தொகுதிகளாக வகைப்படுத்த வேண்டும் என்று ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். மருதத்தை ஒரு நிலவகையாக நம் முன்னோர் எண்ணி வைத்தது எவ்வளவு கூர்மையான பார்வை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மொத்தம் எத்தனை தொகுதிகள்? புத்தகத்துக்குப் புத்தகம் எண்ணிக்கை மாறுகிறதே.

மாறத்தான் செய்யும். காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே இயற்கை கோடு போடவில்லை. கோடு போடுவது நாம். பள்ளிப் பாடத்தில் ஏழெட்டு வரும். உலக இயற்கை நிதியத்தின் அறிஞர்கள் 2001-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் நிலத்துக்கு மட்டும் 14 தொகுதிகளும் அவற்றுக்குள் 867 சூழல் வட்டாரங்களும் இருக்கின்றன. தேர்வுக்கு உங்கள் பாடநூலில் உள்ள எண்ணை எழுதுங்கள். புரிந்துகொள்வதற்கு எண் முக்கியமில்லை.

ஓரிடம் அடர்காடாகவும் இன்னோரிடம் பாலைவனமாகவும் இருப்பது எதனால்?

ஆண்டுச் சராசரி வெப்பம், ஆண்டு மழையளவு. பெரும்பகுதி இந்த இரண்டுதான். ஒன்றைக் கிடைக்கோட்டிலும் மற்றதைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைபடம் போட்டால் உலகின் எல்லாக் காடுகளும் புல்வெளிகளும் அதில் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் வரைந்த அந்தப் படம் இன்றும் வகுப்பறைகளில் பயன்படுகிறது.

அப்படியானால் மழை ஏன் ஓரிடத்தில் கொட்டுகிறது, ஓரிடத்தில் பொய்க்கிறது? நிலநடுக்கோட்டருகே வெயில் நேராக விழுவதால் காற்று சூடேறி மேலெழுகிறது. மேலே போன காற்று குளிர்ந்து, சுமந்து சென்ற ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. அமேசான், காங்கோ, போர்னியோ காடுகள் அந்த வளையத்தில் இருக்கின்றன. ஈரத்தை இழந்த காற்று வடக்கிலும் தெற்கிலும் நகர்ந்து, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகை அருகே கீழிறங்குகிறது. இறங்கும் காற்று மேகம் கட்டவிடாது. சகாராவும் அரேபியப் பாலைவனமும் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியும் அந்த வளையத்தை ஒட்டி அமைந்திருப்பது தற்செயல் இல்லை.

இதற்கு மேல் மலையும் கடலும் தத்தம் பங்குக்கு மாற்றங்கள் செய்யும். அதைப் பார்க்க ஆரல்வாய்மொழிக்கு வாருங்கள். ஜூன், ஜூலையில் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழை கொட்டித் தீர்க்கிறது. அதே காற்று மலைத்தொடரின் தென்முனையில் உள்ள கணவாய் வழியே பாய்ந்து முப்பந்தலுக்கு வரும்போது கையில் ஈரம் மிச்சமில்லை, வேகம் மட்டுமே மிச்சம். அந்த வேகத்தை நம்பித்தான் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று அங்கே நிற்கிறது. காற்றாலைகளுக்குக் கீழே பாருங்கள்: பனை, உடைமரம், காய்ந்த புல். மேற்கே தென்னையும் பலாவும் அயனியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, மலைக்கு அப்புறம் குடை விரித்தாற்போன்ற முள்மரங்கள். மழை மறைவு என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கணவாயில் பஸ்ஸை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் எத்தனை தொகுதிகளின் சாயலைப் பார்க்கலாம்?

கிழக்கே முட்புதர்க் காடு, மலையடிவாரத்தில் இலையுதிர்காடு, உயரே பசுமைமாறாக் காடு, அதற்கும் மேலே மலைப்புல்வெளியும் சோலை எனப்படும் குட்டைமரக் காடும். இவற்றோடு குளம், ஆறு, கழிமுகம், கடல். தமிழகத்தின் மிகச் சிறிய மாவட்டங்களுள் ஒன்றில் இவ்வளவும். பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடு. 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யுனெஸ்கோ 2016-இல் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் நம் மலைகளுக்குப் பங்குண்டு.

வடக்கத்திய ஊசியிலைக் காடான தைகாவும் அதற்கும் வடக்கே மரமற்ற உறைநிலமான தூந்திராவும் இங்கே இல்லை. ஆனால் தூந்திராவுக்கும் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மழைக்காட்டு மண் மிகவும் வளமானதுதானே? இல்லாவிட்டால் இவ்வளவு மரம் எப்படி வளரும்?

நான் படித்த காலத்தில் நானும் இப்படித்தான் நம்பினேன். உண்மை தலைகீழானது. வெப்பமண்டல மழைக்காட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். அத்தனை நீரும் மண்ணிலுள்ள சத்தைக் கரைத்து அடித்துக்கொண்டு போய்விடும். பெரும்பாலான மழைக்காடுகளின் மண் ஏழை மண். சத்து முழுவதும் மரத்திலும் கொடியிலும் பூச்சியிலும் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓர் இலை விழுந்தால் கறையானும் பூஞ்சையும் சில வாரங்களிலேயே அதைச் சிதைத்துவிடும். சிதைந்த சத்தை, மண்ணுக்குள் இறங்கவிடாமல், மேலாகப் பரவியிருக்கும் வேர்கள் பூஞ்சை இழைகளின் துணையோடு உறிஞ்சிக்கொள்ளும். சேமிப்பே இல்லாமல் அன்றாட வரவில் நடக்கும் குடும்பம் போன்றது அது. மரத்தை வெட்டி வெளியே கொண்டுபோனால் குடும்பத்தின் மொத்தச் சொத்தும் போய்விடும். அதனால்தான் காட்டை அழித்துச் செய்யும் வேளாண்மை சில ஆண்டுகளில் நொடித்துப்போகிறது.

அமேசானுக்கு வெளியிலிருந்து ஒரு மொய்ப்பணமும் வருகிறது. சகாராவிலிருந்து கிளம்பும் தூசு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஆண்டுதோறும் இரண்டரைக் கோடி டன்னுக்கும் மேல் அமேசான் வடிநிலத்தில் படிவதாகச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டுகின்றன. அதில் பாஸ்பரஸ் இருக்கிறது. உலகின் வறண்ட நிலம் உலகின் மிகப் பெரிய மழைக்காட்டுக்கு உரம் போடுகிறது.

அகத்தியமலைக் காடுகளில் வெடிப்பலா என்றொரு மரம் உண்டு. பெயர் பலா என்றாலும் நம் வீட்டுச் சக்கைக்கு உறவில்லை, துரியனின் உறவு. சிங்கவால் குரங்குகளுக்கு அதன் பூவும் காயும் முக்கியமான உணவு. தரைக்கு அதிகம் இறங்காமல் மர உச்சியிலேயே வாழும் அந்தக் குரங்குக்குக் கிளையோடு கிளை தொட்டு நிற்கும் காடு வேண்டும். நடுவே ஒரு சாலை போட்டாலே அதன் உலகம் இரண்டாகிவிடும்.

ரப்பர் தோட்டமும் பச்சையாக, நிழலாக, மழையோடு இருக்கிறதே. அதைக் காடு என்று சொல்லக்கூடாதா?

கூடாது. ரப்பரை நம்பி வாழும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் பலர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களின் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் தோட்டம் தோட்டம்தான், காடு காடுதான்.

ரப்பரின் கதையே இதைச் சொல்லிவிடும். அது அமேசான் காட்டு மரம். அங்கே அது கூட்டமாக நிற்பதில்லை. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே வேறு நூறு வகை மரங்கள் இருக்கும். அந்த இடைவெளிதான் அதன் பாதுகாப்பு. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றின் வழிவந்த கன்றுகளே இலங்கை, மலேயா வழியாக ஆசியா முழுவதும் பரவின. விதையோடு அதன் எதிரி வரவில்லை. தென்னமெரிக்காவில் ரப்பர் இலையைக் கருகச் செய்யும் ஒரு பூஞ்சை இருக்கிறது. கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1928-இல் தொடங்கி அமேசானிலேயே ஃபோர்ட்லாண்டியா என்ற பெரும் ரப்பர் தோட்டம் போட்டபோது, நெருக்கமாக நட்ட மரங்களில் அந்தப் பூஞ்சை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது, திட்டம் தோற்றது. தாய்நாட்டில் தோட்டமாக வாழ முடியாத மரம், எதிரி இல்லாத ஊரில்தான் வரிசையாக நிற்கிறது.

ஒருமுறை மாணவர்களை ஒரு ரப்பர் தோட்டத்தில் பத்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னேன். பின்பு இயற்கைக் காட்டோரத்தில் பத்து நிமிடம். கேட்ட ஒலிகளை எழுதச் சொன்னேன். தோட்டத்துப் பக்கத்தில் நாலைந்து வரி, காட்டுப் பக்கத்தில் தாள் நிறைந்துவிட்டது. தேனீ, சில்வண்டு, மரங்கொத்தி, பெயர் தெரியாத ஒரு குரல், மேலே காய் விழும் சத்தம். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தேரிக்காடு பாலைவனமா?

இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிகளைப் பார்த்தவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். மணல் இருந்தால் பாலைவனம் என்று நினைக்கிறோம். மணல் கணக்கில்லை, மழைதான் கணக்கு. பொதுவாக ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெய்யும் இடமே பாலைவனம். தேரியில் அதைவிடக் கூடுதலாகப் பெய்கிறது. சகாராவிலேயே பெரும்பகுதி கல்லும் பாறையும்தான், மணல்மேடுகள் சிறு பங்கு. அந்தக் கணக்கில் உலகின் மிகப் பெரிய பாலைவனம் அண்டார்டிகா. பனி குவிந்து கிடந்தாலும் புதிதாக விழுவது மிகக் குறைவு.

பாலைவனத்து உயிர்கள் எல்லாம் நீரைச் சிக்கனமாகச் செலவிடும் வழிகளைக் கண்டவை. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. நமீபியாவில் ஒரு வண்டு, கடலிலிருந்து பனிமூட்டம் வரும் காலையில் மணல்மேட்டின் உச்சியில் தலையைக் கீழே சாய்த்து நிற்கும். முதுகில் கோக்கும் துளிகள் வழிந்து வாய்க்கு வரும்.

பாலைவனம் எப்போதும் பாலைவனமாக இருந்ததும் இல்லை. ஏறத்தாழ 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை சகாராவில் ஏரிகளும் புல்வெளிகளும் இருந்தன. அங்குள்ள பாறைகளில் ஒட்டகச்சிவிங்கியையும் நீர்யானையையும் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

புல்வெளி என்பது மரம் வளராத தரிசுதானே? மரம் நட்டால் நல்லதல்லவா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்வேன். மரம் நடும் விழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் நல்ல மனம் படைத்தவர்களே இந்தத் தவற்றைச் செய்கிறார்கள்.

புல்வெளி ஒரு முழுமையான தொகுதி. அது காடாக மாற முடியாமல் பாதியில் நின்றுவிட்ட நிலம் அன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் சவானாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட வறட்சி, பிறகு மழை, நடுநடுவே தீ, எப்போதும் மேய்ச்சல். மரக்கன்றுக்கு வளர்முனை உச்சியில் இருப்பதால் தீயும் வாயும் அதைக் கொன்றுவிடும். புல்லுக்கு வளர்முனை தரையோடு ஒட்டி இருக்கிறது. மேலே கடித்தாலும் எரிந்தாலும் அடியிலிருந்து மறுபடி எழும். அந்தப் புல்லை நம்பி செரெங்கெட்டியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மறிமான்கள் ஆண்டுதோறும் மழையைத் துரத்திக்கொண்டு நடக்கின்றன.

மிதவெப்பப் புல்வெளிகளின் கதை இன்னும் வேதனையானது. வட அமெரிக்காவின் பிரெய்ரி, உக்ரைன் முதல் மங்கோலியா வரையிலான ஸ்டெப்பி, அர்ஜென்டினாவின் பாம்பாஸ். ஆண்டுதோறும் மடியும் புல்வேர்கள் அங்கே கறுப்பு மண்ணை உருவாக்கின. உலகின் மிக வளமான மண் அது, அதனாலேயே பிரெய்ரியின் பெரும்பகுதி உழப்பட்டுக் கோதுமையும் மக்காச்சோளமும் ஆகிவிட்டது. கோடிக்கணக்கில் இருந்த பைசன் எருதுகள் 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆயிரத்துக்கும் குறைவாகச் சுருங்கின.

நம் மலையிலும் புல்வெளி உண்டு. மேல் கோதையாற்றுக்கு அப்பால் முத்துக்குழிவயல் பக்கம், பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்லுமாக இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. அங்கே பெய்யும் மழையைப் புல் பஞ்சுபோலப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. தமிழகத்தின் மாநில விலங்கான வரையாட்டுக்கு இந்தப் புல்லும் பக்கத்துப் பாறைச் சரிவும் இரண்டுமே வேண்டும். நீலகிரியில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இத்தகைய புல்வெளிகளைப் பாழ்நிலம் என்று கருதி ஆஸ்திரேலியாவின் சீகை (வாட்டில்) வகைகளையும் யூக்கலிப்டஸையும் நட்டார்கள். இன்று அவற்றைப் பிடுங்கிப் புல்வெளியை மீட்கப் பெரும்பாடு படுகிறார்கள்.

மரம் நடுங்கள். வீட்டில், சாலையோரத்தில், மரம் அழிந்த காட்டில் நடுங்கள். புல்லையும் முட்புதரையும் பனங்காட்டையும் தரிசு என்ற சொல்லால் அழைக்காதீர்கள். முப்பந்தல் பக்கத்து உடைமரக் காட்டில் மயிலும் கீரியும் கௌதாரியும் வாழ்கின்றன. நம் அக்கானியும் (பதநீர்) கருப்பட்டியும் வறண்ட நிலத்துக் கொடை. எந்த உயிர்த்தொகுதியும் இன்னொன்றாக மாறினால்தான் மதிப்பு என்பது இல்லை.

மலை ஏறினால் துருவத்தை நோக்கிப் போவது போலக் குளிருமா?

ஓரளவு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1802-இல் ஈக்வடாரின் சிம்போராசோ மலையில் ஏறி, அடிவாரத்து வெப்பமண்டலக் காட்டிலிருந்து உச்சிப் பாசி வரை தாவரங்கள் பட்டைபட்டையாக மாறுவதைப் பதிவு செய்தார். 1,600 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள நம் மகேந்திரகிரியின் உச்சி, கடற்கரையைவிட ஏறத்தாழ பத்து டிகிரி குளிர்ந்திருக்கும். ஆனால் வடதுருவம்போல் ஆறுமாத இருள் அங்கே இல்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ சமமான பகல். ஆகவே தூந்திரா வராது, சோலை வரும்.

மத்தியதரைக் கடல் காலநிலை நமக்கு ஏன் தெரிய வேண்டும்?

நம்முடையதற்கு நேர்மாறான தாளம் உடையது என்பதற்காகவாவது. அங்கே கோடை வறண்டு கிடக்கும், குளிர்காலத்தில் மழை பெய்யும். ஆலிவும் திராட்சையும் அங்கே விளைகின்றன. கலிஃபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் முனை, தென்மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களிலும் இதே காலநிலை. கேப் வட்டாரத்தில் மட்டும் ஏறத்தாழ 9,000 வகைத் தாவரங்கள் உள்ளன.

உலகின் மிகப் பெரிய காடு அமேசான்தானே?

மழைக்காட்டில் அதுதான் பெரியது. எல்லாக் காட்டுத் தொகுதிகளிலும் பெரியது தைகா. அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா என்று பூமியின் தலைக்குப் பச்சைத் துணி கட்டியதுபோலச் சுற்றி வருகிறது. பைன், ஸ்புரூஸ், ஃபிர், லார்ச் என்று சில வகை மரங்களே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். ஊசியிலை நீரை அதிகம் இழக்காது. கூம்பு வடிவம் பனியைச் சறுக்கிவிடும்.

சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் ஊரில் குளிர்காலத்தில் மைனஸ் 67 டிகிரிக்கும் கீழே போயிருக்கிறது. 2020 ஜூனில் அதே ஊர் 38 டிகிரியைத் தொட்டது. எட்டாம் அட்சரேகையில் கடலோரம் வாழும் நாம், மிக வெப்பமான மாதத்துக்கும் குளிர்ந்த மாதத்துக்கும் நடுவே சில டிகிரி வேறுபாட்டையே குளிர் என்று போர்த்திக்கொள்கிறோம்.

தூந்திராவுக்கும் நமக்கும் என்ன உறவு?

தைகாவுக்கும் வடக்கே, மிகச் சூடான மாதத்திலும் சராசரி 10 டிகிரியைத் தாண்டாத நிலம் தூந்திரா. மரம் கிடையாது. பாசி, லைக்கன், முழங்கால் உயரப் புதர். கீழே ஆண்டு முழுவதும் உறைந்த மண். கோடையில் மேலடுக்கு மட்டும் இளகிச் சதுப்பாகும், கொசு மொய்க்கும், சூரியன் மறையாது. சில வாரங்களே நீடிக்கும் அந்த விருந்துக்கு உலகின் பல மூலைகளிலிருந்தும் பறவைகள் வந்து குஞ்சு பொரிக்கின்றன.

அவற்றில் ஒன்று கொசு உள்ளான். உள்ளங்கையில் அடங்கிவிடும், எடை 20 முதல் 40 கிராம். ஐரோப்பிய, சைபீரிய ஆர்க்டிக் பகுதியில் பிறந்து குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே பறக்கிறது. மணக்குடிக்கு அருகே புத்தளம் உப்பளங்களில், பாத்தியோரச் சேற்றைக் குத்திக் குத்தி ஓடும் சின்னஞ்சிறு சாம்பல் பறவைக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். உப்பளத்து மனிதர்களுக்கு அது பழகிய காட்சி. உப்பளம் அதற்கு ஏழெட்டு மாத வீடு, தூந்திரா பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாய்வீடு. இரண்டில் எது கெட்டாலும் பறவை இல்லை.

குளமும் வயலும் இந்தக் கணக்கில் வருமா?

நன்னீர்த் தொகுதியில் வரும். சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. மனிதர் வெட்டிய பாசனக் குளங்கள் உலக முக்கியத்துவம் பெற்றிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு போகம். இரண்டு போகத்துக்கும் குளம் நிறைந்திருந்ததால்தான் ஊசிவால் வாத்தும் வந்தது. குளம் சுருங்கி, வயல் மனையானால் நெல்லோடு சேர்ந்து பறவையும் போகும்.

கடல் முழுவதும் ஒரே தொகுதியா?

அப்படித் தோன்றும். ஆனால் நம் மாவட்டத்து மீனவர்களிடம் கேட்டால் வேறு விடை கிடைக்கும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு கடற்கரை, இரண்டு கணக்கு.

மேற்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேல்மட்ட நீர் கரையிலிருந்து விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, சத்துமிக்க நீர் மேலெழுகிறது. அதில் நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்ன சாளை மீன் வருகிறது, சாளையைத் தின்னப் பெரிய மீன்கள். குமரி முனைக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற கண்டத்திட்டுப் பகுதி மீன்வளத்துக்குப் பேர்பெற்றது. 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அது இந்தியாவின் உரிமைப் பகுதியாக ஏற்கப்பட்டது. உலகம் உற்பத்தி செய்யும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி கடலின் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் காட்டைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

பழையாறு கடலைச் சேரும் மணக்குடிக் காயலில் அலையாத்தி மரங்கள் இருக்கின்றன. பரப்பு சிறிதுதான். 2004-இல் சுனாமி பார்த்த ஊர் அது. அந்த மரங்களை இளையவர்களுக்குக் காட்டும்போது ஊர்ப் பெரியவர்களின் குரல் தணிந்துவிடும்.

காலநிலை மாறினால் தொகுதிகளும் இடம் மாறுமா?

மாறத் தொடங்கிவிட்டன. தூந்திராவில் புதர்கள் உயர்கின்றன. வடக்கத்திய உறைமண்ணில் வளிமண்டலத்தில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கார்பன் அடைபட்டுக் கிடக்கிறது. இளகினால் அது வெளியேறும். நம் மலைக்கு வேறொரு சிக்கல். வெப்பம் கூடக்கூட மலைவாழ் உயிர்கள் மேலே ஏறும். ஏற உயரம் இருக்கும்வரைதான் ஏற முடியும். சோலைக்கு மேலே வானம்தான் இருக்கிறது.

இவற்றை நேரில் பார்க்க எப்போது, எங்கே போகலாம்?

ஜூலையில் ஆரல்வாய்மொழி, காற்றும் மழை மறைவும் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். அன்றைக்கே திற்பரப்பு, பேச்சிப்பாறைப் பக்கம் போனால் மாறுபாடு உடம்பிலேயே உறைக்கும். மேல் கோதையாறுக்கும் காட்டுக்குள்ளும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். அட்டைக்கடிக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள், நெகிழிப்பை எதுவும் கொண்டுபோக வேண்டாம். தேரூருக்கும் புத்தளத்துக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை, காலை எட்டு மணிக்குள்.

மார்ச் கடைசியில் ஒருநாள் புத்தளத்துக்குத் தவறாமல் போங்கள். கொசு உள்ளான்கள் அப்போது இடைவிடாமல் தின்று கொழுத்திருக்கும், சிலவற்றின் சாம்பல் இறகில் செம்பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும். அடுத்த சில வாரங்களில் அவை கிளம்பிவிடும்.